நிச்சயமின்மையை ஆராய ஓர் எண்ணைப் பிடியுங்கள்

யாங்கூனில் முதுகலை ஆய்வேடு எழுதத் தொடங்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வெவ்வேறு துறைகள் நிச்சயமின்மையை எப்படிப் பார்க்கின்றன என்பதுதான் என் தலைப்பு. புள்ளியியல், பொருளாதாரம், நிலநடுக்கவியல், மருத்துவம் என்று படிக்கப் படிக்க ஒவ்வொன்றும் ஒரு விளக்கம் சொல்கிறது. எங்கே தொடங்குவது? பர்மாவிலிருந்தே எடுத்துக்காட்டு காட்ட முடியுமா?”

முதல் யோசனை: விளக்கங்களைத் தொகுக்கும் வேலையை விட்டுவிடுங்கள். துறைக்கு ஓர் அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒரு வரையறை என்று போனால் கடைசியில் ஓர் அகராதிதான் மிஞ்சும். தேர்வாளர் “இதில் உங்கள் ஆய்வு எது?” என்று கேட்டால் பதில் இருக்காது. அதைவிட, பல துறைகள் வழியாகப் பயணம் செய்த ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்கே பிறந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதோடு இருந்த ஐயம் என்ன ஆயிற்று என்று தேடுங்கள். பெரும்பாலும் ஐயம் குறைக்கப்படுவதில்லை. அடுத்தவரிடம் கொடுக்கும்போது உதிர்ந்துபோகிறது. நெல்லை அளந்தவருக்குத் தெரிந்த தடுமாற்றம் அமைச்சக அறிக்கையில் இருக்காது. நிலவியலாளர் போட்ட “சுமார்” பொறியாளர் வரைபடத்தில் இருக்காது. துறைகளுக்கிடையே ஆராய வேண்டிய இடம் அந்தக் கைமாற்றம்தான்.

பர்மாவில் இதற்கு மிகப் பொருத்தமான எண், நாட்டின் மக்கள்தொகை.

1983 கணக்கெடுப்பில் 3.53 கோடி. அதற்குப் பிறகு 31 ஆண்டுகள் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள்ளும் வெளியிலும் 6 கோடி என்ற எண் சர்வசாதாரணமாகப் புழங்கியது. 2014இல் எண்ணிப் பார்த்தபோது கிடைத்தது 5.03 கோடி, எண்ணாமல் விட்ட பகுதிகளுக்கு மதிப்பிட்டுச் சேர்த்தது சுமார் 12 லட்சம், மொத்தம் 5.15 கோடி. 80 லட்சத்துக்கு மேல் ஆளே இல்லாத மக்கள்தொகை.

இதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.53 கோடியை ஆண்டுக்கு 1.8 விழுக்காடு வீதம் 31 ஆண்டுகள் வளர்த்தால் சுமார் 6.1 கோடி வரும். 1.2 விழுக்காடு என்றால் 5.1 கோடி. வளர்ச்சி வீதத்தில் வெறும் 0.6 புள்ளி வித்தியாசம், கூட்டுவட்டி போல ஏறி ஒரு கோடி ஆளாகிவிடுகிறது. ஆக, ஐயம் பெரும்பாலும் ஒரே ஒரு உள்ளீட்டில் இருந்தது. ஆனால் 6 கோடி என்று எழுதியவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் “5 முதல் 6.5 வரை இருக்கலாம்” என்று எழுதவில்லை.

இப்போது கைமாற்றத்தைப் பாருங்கள். இந்த எண் பொருளாதார வல்லுநரிடம் போய் வகுக்கும் எண்ணாகிறது. மொத்த உற்பத்தி மாறாமல் தலைகளை 6 கோடியிலிருந்து 5.15 கோடியாக்கினால் தலைக்கு வருமானம் 16 விழுக்காட்டுக்கு மேல் உயரும். ஒரு மூட்டை அரிசிகூட அதிகமாக விளையவில்லை; கணக்கில் மட்டும் வளம். பொது சுகாதாரத்தில் போட்ட தடுப்பூசி எண்ணிக்கை அப்படியே இருக்க, பரவல் விழுக்காடு ஏறும். இந்தத் துறைகள் தத்தம் எண்ணுக்குப் பிழை எல்லை போடுகின்றன. ஆனால் அந்த எல்லைக்குள் கீழே இருக்கும் மக்கள்தொகையின் ஐயம் பெரும்பாலும் சேர்வதே இல்லை. அது “அரசுத் தரவு”, அதனால் உறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கணக்கெடுப்பில் மாதிரிப் பிழை கிடையாது. எல்லாரையும் எண்ணுவதாகத்தான் ஏற்பாடு. எனவே புள்ளியியல் பாடப்புத்தகத்தின் ± இங்கே உதவாது. 2014இல் எண்ணாமல் விட்ட 12 லட்சத்தில் பத்து லட்சத்துக்கு மேல் ரக்கைன் மாநிலத்தில் மட்டும். தங்களை ரோஹிங்கியா என்று பதிவு செய்யச் சொன்னவர்கள் எண்ணப்படவில்லை. அரசியல் முடிவு ஒன்று புள்ளியியல் ஐயமாக உருமாறி அட்டவணையில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. 2024 கணக்கெடுப்பின் முதற்கட்ட எண் 5.13 கோடி. ஆனால் அதில் நேரில் எண்ணியது 3.22 கோடி; மீதி 1.91 கோடி மதிப்பீடு. இரண்டு மொத்தமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் மதிப்பீட்டுப் பங்கு நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை, மற்றதில் நூற்றுக்கு 37. எண்ணின் அளவைத் தவிர அதன் பிறப்பையும் சேர்த்து எழுத வேண்டும் என்று அறிவியலின் தத்துவத்தை ஆராய்ந்த ஃபுன்டோவிச், ராவெட்ஸ் இருவரும் 1990இல் ஒரு குறியீட்டு முறை வகுத்தார்கள்: எண், அலகு, பரவல், நம்பகத்தைப் பற்றிய மதிப்பீடு, பூர்வீகம் என்று ஐந்து கட்டம். உங்கள் ஆய்வுக்கு அந்த ஐந்தாவது கட்டம் ரொம்ப உதவும்.

அடுத்து, அளவீட்டுத் துறை ஐயத்தை எப்படிக் கையாள்கிறது என்று ஒரு முறையாவது கைப்படக் கணக்குப் போட்டுவிடுங்கள். போடாதவர்கள் மற்றத் துறைகளைப் பற்றி எழுதும்போது தடுமாறுவது நன்றாகத் தெரியும். பெகு, மோல்மேன் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் உறவுக்காரர் யாராவது இருப்பார்கள். நெல் விளைச்சலையே எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 70 கூடை என்கிறார்கள். ஒரு கூடை நெல் 46 பவுண்டு, அதாவது சுமார் 20.9 கிலோ. அந்த 70இல் எத்தனை ஐயம்?

நான்கு இடத்திலிருந்து வருகிறது. தராசு: 21 கிலோவுக்கு 100 கிராம் முன்பின் இருக்கலாம். எல்லை மட்டும் தெரிந்து, உள்ளே எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரியாதபோது எல்லையை 3இன் வர்க்கமூலத்தால் (1.73) வகுப்பது வழக்கம். 58 கிராம் வரும், அது 0.27 விழுக்காடு. ஈரப்பதமானி: ஒரு புள்ளி முன்பின் காட்டினால், 20 விழுக்காடு ஈர நெல்லில் இருக்கும் 80 பங்கு உலர்பொருளுக்கு அது 1.25 விழுக்காடு; 1.73ஆல் வகுத்தால் 0.72. வயலின் பரப்பு: ஜிபிஎஸ் வைத்து நடந்து அளந்தால் 3 விழுக்காடு எல்லை என்று வைப்போம்; வகுத்தால் 1.73. கடைசியாக, அறுத்துப் பார்த்த சிறு கட்டங்களுக்கிடையே உள்ள வேறுபாடு: 9 கட்டம் அறுத்து, அவற்றின் திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) 15 விழுக்காடு என்றால், 15ஐ 9இன் வர்க்கமூலமான 3ஆல் வகுக்க 5 விழுக்காடு.

நான்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 5.35 விழுக்காடு. 95 விழுக்காட்டு எல்லைக்கு இரண்டால் பெருக்கினால் 10.7. விடை: 70 கூடை, 7.5 முன்பின். கட்டம் ஒன்பதுதான் என்பதால் இரண்டுக்குப் பதில் 2.2ஆல் பெருக்குவதுதான் முறை. அப்போது 8 கூடைக்குக் கொஞ்சம் மேலே போகும். பலர் இதை விட்டுவிடுவார்கள்.

இந்தக் கணக்கு இரண்டு விஷயம் காட்டுகிறது. ஒன்று, விலை கூடிய தராசு வாங்குவது வீண் செலவு. தராசின் பங்கை அடியோடு நீக்கினாலும் 5.35 என்பது கிட்டத்தட்ட அசையாது. அதே பணத்தில் 36 கட்டம் அறுத்தால் மொத்தம் 3.1 விழுக்காடாக இறங்கும். ஐயத்தைக் குறைக்கும் செலவு எங்கே பலிக்கும் என்று சொல்வதுதான் இந்த முறையின் பயன். கடைசியில் வரும் ± அதற்குப் பிறகுதான். இரண்டு, இந்த ± ஒரு வகைப் பிழையைப் பார்க்கவே பார்க்காது. அறுத்தவுடன் 20 விழுக்காடு ஈரத்தோடு எடைபோட்ட நெல்லை 14 விழுக்காட்டு உலர்நெல்லாகத் திருத்த மறந்தால், 100 கூடை என்று எழுதியது உண்மையில் 93தான். எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி 7.5 விழுக்காடு கூடியிருப்பதால் பரவலில் அது தெரியாது. நூறு கட்டம் அறுத்தாலும் தெரியாது. அதிக மாதிரி எடுத்தால் அதிகத் துல்லியம் என்று நம்பும் ஆய்வுகள் வழுக்கி விழுவது இங்கேதான். அதனால்தான் அளவீட்டியலாளர் ‘பிழை’ வேறு, ‘நிச்சயமின்மை’ வேறு என்று அழுத்திச் சொல்கிறார்கள்: பிழை என்பது உண்மைக்கும் அளவுக்கும் உள்ள தூரம், அது நமக்குத் தெரியாது, நிச்சயமின்மை என்பது அந்தத் தூரம் பற்றி நாம் அறிவிக்கும் எல்லை.

நிலநடுக்கவியலில் கதை வேறு. அங்கே ஐயத்தை இரண்டாகப் பிரிப்பார்கள்: இயற்கையிலேயே தற்செயலாக இருப்பது ஒன்று, நம் அறியாமையால் வருவது இன்னொன்று. முன்னது எவ்வளவு படித்தாலும் குறையாது. பின்னது பள்ளம் தோண்டிப் பழைய பிளவுகளைப் படித்தால் குறையும். பர்மாவின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் சகாயிங் நிலப்பிளவு இதற்குப் பாடம். அதன் இரு பக்கமும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. மாண்டலே பக்கத்தில் பழைய தலைநகர் ஆவாவை அழித்த பெரும் நடுக்கம் 1839இல். அன்றிலிருந்து 2025 வரை 186 ஆண்டு. ஆண்டுக்கு 18 மில்லிமீட்டர் என்றால் 3.3 மீட்டர் இறுக்கம் சேர்ந்திருக்கும். 22 என்றால் 4.1 மீட்டர். நடுப் பர்மாவில் சுமார் 260 கிலோமீட்டர் நீளத்துக்கு வெகுகாலமாக உடையாத இடைவெளி இருக்கிறது, 7.9 அளவு வரை நடுக்கம் வரலாம் என்று 2011இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அதை எழுதியவர்களில் ஒருவர் பர்மியர். 2025 மார்ச் 28இல் 7.7 அளவில் உடைந்தது. இடம் சரி, அளவு எல்லைக்குள். ஆனால் உடைந்த நீளம் 450 கிலோமீட்டருக்கும் மேல். எங்கே என்பதில் அறியாமை குறைந்திருந்தது. எப்போது என்பதில் ஒன்றும் குறையவில்லை. எவ்வளவு தூரம் ஓடும் என்பதில் எல்லையையே குறுகலாக வைத்திருந்தார்கள். ஒரே நிகழ்வில் மூன்று வகை ஐயம். ஆய்வேட்டில் இதைப் பிரித்துக் காட்டினாலே ஓர் அத்தியாயம் ஆகிவிடும்.

ஆபத்து வரைபடம் போடும்போது மேலே சொன்ன 18, 20, 22 ஆகிய மூன்றுக்கும் 0.2, 0.6, 0.2 என்பது போல எடை கொடுத்துக் கிளை கிளையாகக் கணக்கிடுவார்கள். அந்த எடைகள் நிபுணர்களின் அபிப்பிராயம். வரைபடம் அச்சாகிக் கட்டடப் பொறியாளர் கைக்குப் போகும்போது அபிப்பிராயம் தரவாகிவிடுகிறது. அதோடு “475 ஆண்டுக்கு ஒருமுறை” என்ற சொற்றொடர் வேறு. 50 ஆண்டில் 10 விழுக்காடு வாய்ப்பு என்பதைத் திருப்பிப் போட்டதுதான் 475. அதைக் கேட்டு “இப்போதுதானே வந்தது, இனி நாலு நூற்றாண்டுக்குக் கவலையில்லை” என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கின்படியே பார்த்தாலும், ஒரு முழு 475 ஆண்டில் அது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 63 விழுக்காடு. வராமலே போகும் வாய்ப்பு 37.

பொருளாதாரத்துக்கு வந்தால் 1921இல் ஃபிராங்க் நைட் போட்ட கோடுதான் இன்றும் அடிப்படை. வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முடிந்தால் அது இடர். கணக்கிடவே முடியாவிட்டால் அதுதான் நிச்சயமின்மை. பர்மாவின் உளுந்து இதற்குக் கச்சிதமான உதாரணம். நம் ஊர் உளுந்தில் பெரும் பங்கு இந்தியாவுக்குத்தான் போகிறது. சென்னையில் இட்லிக்கு அரைபடுவதில் இங்கே விளைந்ததும் சேர்த்தி. மழை தப்பினால் எவ்வளவு நட்டம் என்று விவசாயி பழைய மழைக் கணக்கை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் 2017 ஆகஸ்டில் இந்தியா திடீரென இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டது: துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். இங்கே விலை சரிந்தது. டில்லி எப்போது என்ன அறிவிக்கும் என்பதற்கு எந்த மழைமானியும் கிடையாது. பிறகு 2021இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை என்று ஐந்தாண்டு உடன்பாடு வந்தது. கணக்கிட முடியாததைக் கணக்கிட முடிந்ததாக ஆக்கியது ஓர் ஒப்பந்தம். புள்ளியியல் அங்கே ஒன்றும் செய்யவில்லை.

இதே கோட்டுக்குப் பழைய சாட்சி நகரத்தார் வட்டிக்கடைகள். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 நிறுவனங்கள். தனிமனிதர் கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்ற இடரைக் கணிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நிலத்தை ஈடு வாங்கினார்கள், ஆளைப் பார்த்து வட்டி வைத்தார்கள். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே போனபோது ஒருவர் அல்ல, எல்லாரும் ஒரே நேரத்தில் கட்ட முடியாமல் போனார்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையிலிருந்த விளைநிலம் 6 விழுக்காடு. அந்தப் பத்தாண்டின் இறுதியில் 25. நிலம் வேண்டும் என்று யாரும் கடன் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கடனையும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன இடர். எல்லாம் ஒரே விலையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் கணக்கில் வராத ஐயம். வங்கியியல் ஆய்வுகளில் இதை ‘டிஃபால்ட் கோரிலேஷன்’ (கடன் தவறுவதில் உள்ள கூட்டுச் சார்பு) என்ற தலைப்பில் தேடுங்கள்.

காலநிலை அறிவியல், மருத்துவம் இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. அறிஞர் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில் சொற்களுக்கே எண் ஒதுக்கியிருக்கிறார்கள்: ‘நிகழக்கூடியது’ என்றால் 66 முதல் 100 விழுக்காடு, ‘மிகவும் நிகழக்கூடியது’ என்றால் 90 முதல் 100. ‘நம்பிக்கை உயர்வு’ என்பது தனி அளவுகோல். சான்று எவ்வளவு, அறிஞர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை வைத்து வருவது. புள்ளியியலில் வரும் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதிவிடாதீர்கள். செவிலியர் ஆய்விலோ நிச்சயமின்மை என்பது எண்ணில் இல்லை, நோயாளியின் மனத்தில். அதை அளக்க 1981இலிருந்தே வினாத்தாள் அளவுகோல் இருக்கிறது. உங்கள் தலைப்பு மனநிலை பற்றியதாக இல்லையென்றால் இந்தப் பக்கம் போகாதீர்கள், ஆறு மாதம் போய்விடும்.

நூல் தேடும்போது ஒரு தொல்லை வரும். ‘அன்செர்ட்டன்டி’ என்று மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். பொருளாதாரத்தில் வாய்ப்பு தெரியாத நிலையை ‘ஆம்பிகுயிட்டி’ என்பார்கள், நிலநடுக்கவியலில் அறியாமைக்கு ‘எபிஸ்டெமிக்’, தற்செயலுக்கு ‘அலியட்டரி’ என்று தேட வேண்டும், மக்கள்தொகையியலில் ‘கவரேஜ் எரர்’ (ஆட்கள் விடுபடுவது போன்ற பிழை), சூழலியலில் ‘வேரியபிலிட்டி’. துறைக்கு நான்கு சொல் என்று பட்டியல் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துறையிலும் அந்தத் துறையே அதிகம் மேற்கோள் காட்டும் இரண்டு மூன்று கட்டுரையை முதலில் படியுங்கள். பல துறை ஒப்பீட்டுக் கட்டுரைகளில் தொடங்கினால் அவற்றை எழுதியவர் போட்ட கட்டங்களுக்குள்ளேயே நீங்களும் அடைபட்டுவிடுவீர்கள்.

உங்கள் எண்ணுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். கைமாற்றத்துக்கு ஒரு வரிசை. அதில் யார் கொடுத்தார், யார் வாங்கினார், கொடுத்தபோது எந்த வடிவில் ஐயம் இருந்தது (எல்லை, சொல், அடிக்குறிப்பு, வாய்ப்பேச்சு), வாங்கியபின் எந்த வடிவில் இருக்கிறது, தப்பினால் நட்டம் யாருக்கு. கடைசிக் கட்டத்தை நிரப்பும்போதுதான் ஆய்வு உயிர்பெறும். ஐயத்தை உதிர்த்தவரும் நட்டப்படுபவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். அடிக்குறிப்புகளைப் படிக்காமல் இந்த வேலை நடக்காது. அறிக்கையின் முதல் பதிப்பையும் பிந்தைய பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முதலில் இருந்த “சுமார்” இரண்டாவதில் காணாமல் போயிருக்கும்.

நேரில் போய் மக்களைக் கேட்கும் பகுதி இருந்தால், “எத்தனை விழுக்காடு வாய்ப்பு?” என்று கேட்காதீர்கள். பாதிப் பேர் 50 என்பார்கள். அதற்குத் “தெரியாது” என்று அர்த்தம். 20 கொண்டைக்கடலையும் ஒரு தாளும் எடுத்துப் போங்கள். தாளில் அடுத்த அறுவடைக்கு உளுந்து விலை எந்த வரம்பில் இருக்கும் என்று ஐந்தாறு கட்டம் போடுங்கள். “எது நடக்கும் என்று அதிகம் தோன்றுகிறதோ அங்கே அதிகக் கடலை வையுங்கள்” என்று சொல்லுங்கள். ஒரு கடலைக்கு 5 விழுக்காடு. ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை: “அடுத்த ஏழு நாளில் மழை பெய்யுமா, அடுத்த முப்பது நாளில் பெய்யுமா?” என்று கேட்டு இரண்டுக்கும் கடலை வைக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு வைத்தது மாதத்துக்கு வைத்ததைவிட அதிகமானால் முறை புரியவில்லை. மறுபடி விளக்குங்கள், அந்தத் தாளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். வரம்புகளை நீங்களே குறுகலாகப் போட்டுவிட்டால் எல்லாரும் நடுக்கட்டத்தில்தான் வைப்பார்கள். அதனால் முதலில் “இதைவிடக் கீழே போகவே போகாது என்று நினைக்கும் விலை என்ன, மேலே என்ன?” என்று கேட்டு, அவர் சொன்ன இரண்டுக்கும் நடுவே கட்டம் பிரியுங்கள். பெயர், வீட்டு முகவரி எதுவும் தாளில் வேண்டாம். எண் மட்டும் போதும். பக்கத்தில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பவர் “அங்கே வையி” என்று சொல்லத் தொடங்கினால் பேட்டியை இன்னொரு நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.